எந்த அசலின் நகல்?

ஸ்டூடியோ அலமாரிகளை நிறைத்திருந்த ஒலிக்கருவிகள் ஒவ்வொன்றாக லேப்டாப்புக்குள் குடிபுகுந்துவிட்டன. பழைய பெட்டிகளின் விலை குறைந்தபாடில்லை. இரண்டுக்கும் நடுவே நடக்கும் வழக்கில் யார் பக்கம் நியாயம்?

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்-808 என்ற டிரம் மெஷினை 1980இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1983இல் நிறுத்திவிட்டது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நிறுவனர் இகுதாரோ ககெஹாஷியே பிற்காலத்தில் சொன்னார். அந்தக் கருவியின் தனிச் சீறல் ஒலிக்காக அவர் தேடித்தேடி வாங்கியது, தரச் சோதனையில் தேறாமல் கழித்துக்கட்டப்பட்ட டிரான்சிஸ்டர்களை. தயாரிப்புத் தொழில்நுட்பம் மேம்பட மேம்பட, கழிவுச் சரக்கு கிடைப்பது நின்றுபோனது. நல்ல டிரான்சிஸ்டர் போட்டால் அந்தச் சீறல் வராது. ஏறத்தாழ 12,000 கருவிகளோடு 808இன் கதை முடிந்தது.

முடிந்தது என்று ரோலண்ட் நினைத்தது. அமெரிக்காவின் அடகுக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் 808 சல்லிசாகக் கிடைத்தது. புதுக் கருவி வாங்க வசதியில்லாத இளைஞர்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்', மார்வின் கேயின் 'செக்ஷுவல் ஹீலிங்' இரண்டும் தயாரிப்பு நிற்கும் முன்பே, 1982இல், இந்தப் பெட்டியின் துணையோடு வந்தவை. ஹிப்-ஹாப், எலெக்ட்ரானிக் இசை என்று சொல்லப்படுபவற்றில் பாதி இதன் அடித்தளத்தில் எழும்பியது. அந்தக் கழிவு டிரான்சிஸ்டரின் கோளாறை இன்று ரோலண்ட் நிறுவனமே கணக்காக எழுதி, மென்பொருளாக விற்கிறது.

ஒலிப்பதிவு உலகில் ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையின் முழு விசித்திரமும் இதில் இருக்கிறது. இரும்புப் பெட்டிதான் உண்மையானது, கணினிக்குள் இருப்பது வெறும் நகல் என்கிறது ஒரு கட்சி. காதுக்கு வித்தியாசமே தெரியாதபோது எதற்கு லட்சக்கணக்கில் செலவு என்கிறது எதிர்க்கட்சி. இரு தரப்பும் ஒலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றன. ஒலியைப் பொறுத்தவரை இந்த வழக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்பதே என் கட்சி. தீராமல் இருக்கும் வழக்கு வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பெட்டி எப்படிப் படமானது?

பிளக்-இன் என்பது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் சிறு நிரல். ஒரு குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய, கனத்தைக் கூட்ட, எதிரொலி சேர்க்க என்று வேலைக்கு ஒன்றாக இருக்கும். திரையில் திறந்தால் பழைய கருவியின் முகப்பு அப்படியே தெரியும். திருகுகள், மீட்டர் ஊசி, தேய்ந்த எழுத்து, சில நிறுவனங்கள் வைத்திருக்கும் துருக்கறை உட்பட. ஊசி உண்மையிலேயே ஆடும்.

இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட க்யூ10 என்ற ஈக்வலைஸர் (தாழ், உயர் ஒலிகளின் அளவைச் சரிசெய்வது) இந்த வகையில் முன்னோடி. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் 1996இல் வி.எஸ்.டி. என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்த பிறகு, யார் வேண்டுமானாலும் பிளக்-இன் எழுதலாம் என்றானது. மறு ஆண்டே ஸ்வீடனின் புரோப்பெல்லர்ஹெட், ரோலண்டின் 808 டிரம் மெஷினையும் டி.பி-303 என்ற பேஸ் கருவியையும் ஒரே மென்பொருளுக்குள் அடைத்து 'ரீபர்த்' என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவு இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படும்.

ஆரம்பகால நகல்கள் சுமார் ரகம். அதைக் குறை சொன்ன பழைய கைகளைப் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்கியது தவறு. அவர்கள் காது சரியாகத்தான் கேட்டது. நகலெடுப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு ஒரு கருவியை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.

பாடகர் ஒரு வரியை முணுமுணுப்பார். அடுத்த வரியில் உச்சிக்குப் போவார். இரண்டுமே பாட்டில் தெளிவாகக் கேட்க வேண்டும். இதற்காகப் பொறியாளர் விரலை ஃபேடர் என்ற ஒலியளவுத் தள்ளுகோலில் வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். அந்த வேலையைத் தானாகச் செய்வது கம்ப்ரஸர். கலிஃபோர்னியாவில் ஜிம் லாரன்ஸ் என்ற பொறியாளர் தன் டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக 1960களில் செய்த எல்.ஏ-2ஏ என்ற கம்ப்ரஸர் இன்றும் குரலுக்கு முதல் தேர்வு. முகப்பில் முக்கியமான திருகுகள் இரண்டே இரண்டு. வித்தையெல்லாம் உள்ளே டி4 என்ற சிறு டப்பாவில் இருக்கிறது. அதற்குள் மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் தகடு ஒன்று. அதற்கு எதிரே ஒளி பட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்ஃபைடு உணர்வி. குரல் உயர்ந்தால் தகடு பிரகாசமாகும், உணர்வியின் தடை விழும், குரலின் அளவு அடங்கும். குரல் தாழ்ந்தால் தகடு மங்கும், அளவு பழைய நிலைக்குத் திரும்பும்.

திரும்பும் விதத்தில்தான் அழகு. அடங்கிய அளவில் பாதி, ஒரு நொடியில் பதினேழில் ஒரு பங்குக்குள் மீண்டுவிடும். மீதிப் பாதி மீள ஒரு நொடியும் ஆகலாம், பதினைந்து நொடியும் ஆகலாம். அதுவரை எவ்வளவு வெளிச்சம், எத்தனை நேரம் பட்டது என்பதைப் பொறுத்தது அது. உச்சி வெயிலில் நின்றுவிட்டு இருட்டறைக்குள் நுழைந்த கண்ணுக்கு நேர்வது போலத்தான். பாடகர் இந்த வரியை எப்படிப் பாடினார் என்பது அடுத்த வரியின் அளவைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் அது இயந்திரம் அழுத்திய ஒலியாகத் தெரியாமல், பாடகரே நிதானித்துப் பாடியதுபோல் தோன்றுகிறது.

இதை நகலெடுக்க இரண்டு வழி. கருவியைத் திறக்காமலே, உள்ளே ஒரு ஒலியை அனுப்பி வெளியே வருவதை அளந்து, இரண்டுக்கும் உள்ள உறவைக் கணக்காக்குவது முதல் வழி. கிடார் ஆம்ப்ளிஃபயர்களை இன்று நியூரல் நெட்வொர்க்குகள் இப்படித்தான் கற்றுக்கொள்கின்றன. இரண்டாவது வழி, சர்க்யூட் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு ரெசிஸ்டர், கெபாசிட்டர், வால்வு, டிரான்ஸ்ஃபார்மருக்கும் சமன்பாடு எழுதி, அத்தனையையும் நொடிக்கு 44,100 முறையோ அதற்கு மேலோ தீர்ப்பது. பள்ளியில் படித்த கிர்ச்சாஃப் விதிகள்தான். வால்வும் டிரான்சிஸ்டரும் நேர்கோட்டில் நடந்துகொள்ளாத பிறவிகள் என்பதால், ஒவ்வொரு முறையும் தோராயமாக ஒரு விடை வைத்து, திருத்தித் திருத்தி நெருங்க வேண்டியிருக்கிறது. டி4 டப்பாவோ வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவே. உள்ளே இருக்கும் பொருளின் குணத்தை எந்த வரைபடமும் சொல்லாது. உண்மையான டப்பாக்களை அளந்தால்தான் உண்டு.

மூக் சிந்தசைஸரின் புகழ்பெற்ற ஃபில்டர் இன்னொரு தலைவலி. அதில் வெளியேறும் ஒலியின் ஒரு பகுதி அதே கணத்தில் உள்வாயிலுக்குத் திரும்புகிறது. கம்பியில் 'அதே கணம்' என்பது சாத்தியம். கணினி ஒவ்வொரு படியாகக் கணக்கிடுவதால், குறைந்தது ஒரு படி தாமதமாகும். கேட்க அற்பமாக இருந்தாலும், அந்தத் தாமதத்தால் மேல் ஸ்தாயியில் ஃபில்டரின் சுருதி பிசகியது. ஸ்டான்ஃபோர்டின் டிம் ஸ்டில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் 1996இல் இதை அலசினார்கள். ஃபின்லாந்தின் ஆன்டி ஹுவோவிலாய்னென் 2004இல் டிரான்சிஸ்டர்களின் கோணல் குணத்தையும் சேர்த்து ஒரு மாதிரி தந்தார். அதற்குப் பிறகு, தாமதமே இல்லாமல் முழுச் சுற்றையும் ஒரே சமன்பாடாகத் தீர்க்கும் முறைகள் வந்தன. பழைய மூக் ஃபில்டரின் குழைவு மென்பொருளில் கைகூடியது அதன் பின்னர்தான்.

பழைய பிளக்-இன்கள் 'கண்ணாடித் தூள் கலந்தது போல்' கரகரப்பதாகச் சொன்னவர்களுக்கும் கணக்கில் ஆதாரம் உண்டு. எந்த வால்வும் கொஞ்சம் மிகைப்படுத்தினால் உள்ளே வந்த சுரத்தின் மடங்குகளைச் சேர்த்தே வெளியே அனுப்பும். 15 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியின் மூன்றாம் மடங்கு 45 கிலோ ஹெர்ட்ஸ். கம்பியில் அது நம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய் ஒழிந்துவிடும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் கணினியில் அதற்கு இடமில்லை. மடங்கித் திரும்பி 900 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். பாட்டோடு எந்தச் சுர உறவும் இல்லாத ஒரு அந்நிய ஒலி, பாட்டின் நட்ட நடுவில். தீர்வு எளிது: உள்ளுக்குள் நான்கு மடங்கு, எட்டு மடங்கு வேகத்தில் கணக்கிட்டு, வேண்டாததை வடிகட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். 1999இன் கணினிக்கு அது தாங்காது. இன்றைய சாதாரண லேப்டாப்புக்கு அது பொருட்டே இல்லை.

ஆகவே இன்றைய நிலை இதுதான். நல்ல பிளக்-இன்னையும் நன்றாகப் பராமரித்த அசலையும் ஒரே அளவு ஒலியில் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தால், தேர்ந்த காதுகளும் தடுமாறும். 'ஒரே அளவு ஒலியில்' என்பதை அடிக்கோடிட வேண்டும். ஒன்று மயிரிழை உரத்துக் கேட்டாலும் மனம் அதையே 'செழுமையானது' என்று நம்பிவிடும். ஒப்பிட்டுக் காட்டும் காணொளிகள் பலவும் இந்த அடிப்படையைக் கவனிப்பதில்லை. அவற்றை நம்பி ஐந்து லட்சத்தை எடுத்துவைப்பவர்களுக்கு என் அனுதாபம்.

அசல் என்று எதைச் சொல்வது?

'அசல் மாதிரி இல்லை' என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த அசல்?

அமெரிக்க ஒலிப்பதிவுத் துறையின் பிதாமகர்களில் ஒருவர் பில் புட்னம். 1967இல் அவர் கொண்டுவந்த 1176 என்ற கம்ப்ரஸர், மின்னல் வேகத்துக்குப் பேர்போனது. நொடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒலியைப் பிடித்து அடக்கும். அந்த ஒரே பெயரில் ஏ தொடங்கி எச் வரை பல பதிப்புகள் வந்தன. முதலில் வந்தவற்றின் முகப்பில் நீலப் பட்டை இருக்கும். நடுவில் பிராட் பிளங்கெட் என்பவர் இரைச்சலைக் குறைத்துச் சீர்திருத்தினார்.  அதற்குப் பின் முகப்பு கறுப்பானது, ஒலியும் மாறியது. நீலப் பட்டைக்காரர்களும் கறுப்புக்காரர்களும் இன்றும் ஒருவரையொருவர் மதிப்பதில்லை.

ஒரே பதிப்பிலேயே இரண்டு பெட்டிகள் ஒன்றுபோல் இருக்காது. அக்கால உதிரி பாகங்கள் குறித்த மதிப்பிலிருந்து ஐந்து, பத்து, சில சமயம் இருபது சதவீதம்கூட விலகியிருக்கும். போதாக்குறைக்கு, கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் ஆண்டுகளில் உலரும், வால்வு தேயும், யாரோ ஒரு மெக்கானிக் கைக்குக் கிடைத்த உதிரியைப் போட்டிருப்பார். 1970களின் இசைத்தட்டுகளில் நாம் கேட்டு மயங்கும் ஒலி, அன்று புத்தம் புதிதாக இருந்த பெட்டிகளின் ஒலி. இன்று 'வின்டேஜ்' என்று பல மடங்கு விலைக்குக் கைமாறும் பெட்டியில் அரை நூற்றாண்டு முதுமையும் கலந்திருக்கிறது. அதை அளந்து நகலெடுத்தால் முதுமையும் சேர்ந்தே நகலாகும். யாருடைய அசல் அது?

1176இல் அழுத்த விகிதத்தைத் தேர்ந்தெடுக்க நான்கு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது விடுபட வேண்டும். யாரோ ஒரு குறும்புக்காரர் நான்கையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார். சர்க்யூட் நிலைதடுமாறி, டிரம்ஸ் ஒலி வெடித்துச் சிதறியது. வடிவமைத்தவர் நினைத்தே பார்த்திராத அந்தத் தடுமாற்றம் ராக் இசையின் நிரந்தரச் சரக்கானது. நான்கு பொத்தானையும் ஒருசேர அழுத்தும் வசதியை இன்று பிளக்-இன்களும் தருகின்றன. பழுதையும் விபத்தையும் கணக்குப் போட்டு எழுதுவதே இந்தத் தொழிலில் பாதி வேலை.

புட்னத்தின் மகன்கள் 1999இல் தந்தையின் யுனிவர்சல் ஆடியோ நிறுவனத்துக்கு மறுபிறவி கொடுத்தார்கள். அந்த நிறுவனம் இரும்புப் பெட்டியையும் செய்கிறது, அதன் பிளக்-இன்னையும் விற்கிறது. அசலும் நகலும் ஒரே கடையில். பிளக்-இன்னிலேயே நீலப் பட்டை, கறுப்பு, ஆண்டுவிழாப் பதிப்பு என்று மூன்று 1176. அசல் ஒன்றல்ல என்று உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட சாட்சியம் இது.

அதே நிறுவனத்தின் இன்னொரு பிளக்-இன், ஜெர்மனியின் இ.எம்.டி. 140. கருவி 1957இல் வந்தது: ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள உருக்குத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைத்து, அந்த அதிர்வை எதிரொலியாகப் பிடிப்பார்கள். எடை 270 கிலோ அளவுக்கு வரும். மாடிக்கு ஏற்ற ஆறு பேர் வேண்டும். கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் தி பிளான்ட் என்ற ஸ்டூடியோவில் இருந்த மூன்று தகடுகளை அளந்துதான் அந்த பிளக்-இன்னைச் செய்தார்கள். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவான இடம் அது. 2008இல் அந்த ஸ்டூடியோ கதவை அடைத்தது. அங்கே தொங்கிய தகடுகளின் ஒலி மட்டும் உலகெங்கும் பல்லாயிரம் லேப்டாப்புகளில் உயிரோடு இருக்கிறது. நகல் என்றால் இளக்காரம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இன்னும் ஒரு படி போனால் அந்தத் தகடே ஒரு நகல்தான். பெரிய மண்டபத்தின் எதிரொலி வேண்டும், மண்டபம் கட்ட இடமில்லை என்பதற்காக வந்த மாற்று ஏற்பாடு. 808 டிரம்மர் கிடைக்காதவருக்காகச் செய்யப்பட்டது. நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்பதே அன்று அதன்மேல் இருந்த புகார். 303 பேஸ் கிடார்காரருக்குப் பதிலாக வந்து, அந்த வேலையில் படுதோல்வி அடைந்தது. நேற்றைய போலிகளை வரிசையாக நிறுத்தி 'அசல்' என்று மாலை போட்டிருக்கிறோம்.

நமக்குப் பழக்கமான உதாரணம் சபா மேடையிலேயே இருக்கிறது. தம்பூராவுக்குத் துணையாகத் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி வந்தது. 1970களின் இறுதியில் பெங்களூர்ப் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் தன் ரேடல் நிறுவனத்தின் மூலம் மின்னணுச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தபோது, அதன் ஒலி உயிரற்றது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இப்போது கைப்பேசிச் செயலியே தம்பூரா மீட்டுகிறது. பழைய ரேடல் பெட்டியைத்தான் 'அந்த நாதமே வேறு' என்கிறார்கள். டிசம்பர் சீசனில் கவனியுங்கள். பின்னால் ஒரு சிஷ்யை தம்பூரா மீட்டிக்கொண்டிருக்க, முன்னால் பெட்டியும் ஒலித்துக்கொண்டிருக்கும். வித்வான்களுக்கு இதில் சித்தாந்தச் சிக்கல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

கையில் பிடித்தால் என்ன லாபம்?

தொழிலில் முன்வரிசையில் இருப்பவர்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். அடேலுக்கும் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸுக்கும் ஒலிக்கலவை செய்த ஆண்ட்ரூ ஷெப்ஸ், அறை நிறைய அரிய கருவிகளை வைத்திருந்தவர். பல ஆண்டுகளாக முழுக்கக் கணினிக்குள்ளேயே கலக்கிறார். பாப் பாடல்களின் உச்சப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும் செர்பன் கெனியாவும் அப்படியே. பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை அவருடைய அண்ணன் ஃபின்னியஸ், லாஸ் ஏஞ்சலஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் வைத்துச் செய்தார். 2020இல் அது ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது. மறுபக்கம், ஒலிக்கலவைப் பொறியாளர் கிறிஸ் லார்ட்-ஆல்ஜ் இன்றும் தன் பழைய 1176களை விடவில்லை. அவர் பெயரிலேயே அதன் பிளக்-இன்னை வேவ்ஸ் விற்கிறது என்பது இதன் நகைச்சுவைக் காட்சி.

கோடம்பாக்கத்தில் காரணம் இன்னும் எளிமையானது. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கியபோது, சொந்த ஸ்டூடியோ என்பது இசையமைப்பாளர் எளிதில் எட்டக்கூடிய விஷயமாக இல்லை. கருவிகள் இரும்பாக இருந்தன, இறக்குமதியாக இருந்தன. இன்று வளசரவாக்கத்தில் ஒரு படுக்கையறை போதும். தவிர, நம் சினிமாவில் படம் வெளியாகும் வாரம் வரை திருத்தம் வரும். 'அந்த இரண்டாவது சரணத்துல குரலை லேசா முன்னாடி கொண்டுவாங்க சார்' என்று இரவு பதினோரு மணிக்கு இயக்குநர் அழைத்தால், பிளக்-இன் வைத்திருப்பவர் கோப்பைத் திறந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். இரும்புப் பெட்டிக்காரர் மூன்று மாதம் முன்பு ஒவ்வொரு திருகும் எங்கே நின்றது என்று எடுத்துவைத்த புகைப்படங்களைத் தேட வேண்டும். இதில் 110 வோல்ட் மின்மாற்றி, சுங்க வரி, சென்னையின் ஈரக்காற்று, வால்வு மாற்றத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடும் பாடு எல்லாம் தனிக் கணக்கு.

இரும்புக்குச் சாதகமானவையும் உண்டு. மழுப்பாமல் சொல்ல வேண்டும். முதலாவது, பாடிக்கொண்டிருக்கும்போது தன் குரலைத் தானே கேட்பவருக்கு இரும்பில் தாமதம் ஆகாது. கணினி 256 மாதிரிகளைச் சேர்த்துச் சேர்த்து வேலை செய்தால், உள்ளே போக ஆறு மில்லிநொடி, வெளியே வர ஆறு மில்லிநொடி. ஹெட்ஃபோனில் அதை உணரும் பாடகர்கள் இருக்கிறார்கள். மைக்குக்கும் கணினிக்கும் நடுவே, மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஒரு இரும்பு ப்ரீ-ஆம்பும் கம்ப்ரஸரும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, கஞ்சத்தனம். ஸ்டூடியோவில் இருப்பது ஒரே ஒரு எல்.ஏ-2ஏ என்றால், அதை எந்தக் குரலுக்குப் போடுவது என்று யோசிப்போம். போட்டு, பதிந்து, அடுத்த வேலைக்குப் போவோம். பிளக்-இன்னை அறுபது ட்ராக்கிலும் போடலாம், நாளைக்கும் மாற்றலாம். மாற்றலாம் என்பதாலேயே முடிவெடுக்காமல் கிடக்கும் பாடல்கள் இன்று ஏராளம். மூன்றாவது, திரை. வளைவுகளைப் பார்த்துக்கொண்டே திருத்துபவர் கண்ணால் கேட்க ஆரம்பித்துவிடுகிறார். பழைய பெட்டியில் பார்க்க ஓர் ஊசிதான் உண்டு.

வாங்கியது யாருடையது?

ஒலியின் வழக்கு தீர்ந்தது என்றேன். தீராதது, ஆயுளின் வழக்கு.

1967இல் செய்த ஒரு 1176ஐ இன்று திறந்தால், உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவற்றை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கலாம். வரைபடம் ஊரறிந்தது. சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் ஆள் ஒருவருக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். செய்த நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி வேலை செய்யும். விற்றால் காசு வரும்.

பிளக்-இன்னுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஒலிப்பதிவு மென்பொருளான புரோ டூல்ஸ் 2013இல் பதினொன்றாம் பதிப்புக்கு மாறியபோது பழைய வகை பிளக்-இன்கள் ஒட்டுமொத்தமாக வெளியே நின்றன. ஆப்பிள் 2019இல் கேட்டலினா இயங்குதளத்தில் 32-பிட் நிரல்களுக்குக் கதவடைத்தது. எழுதியவர் புதுப்பிக்காத பிளக்-இன்கள் அன்றோடு போயின. அடுத்த ஆண்டே ஆப்பிள் தன் சிப்பையும் மாற்றியது. 2015இல் கேமல் ஆடியோ என்ற சிறு நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அதன் அருமையான 'ஆல்கெமி' சிந்தசைஸர் பிறகு ஆப்பிளின் லாஜிக் மென்பொருளுக்குள் மட்டுமே கிடைத்தது. விண்டோஸ்காரர்களுக்கு வழியில்லாமல் போனது.

ரீபர்த்தின் கதை இதில் உச்சம். 1997இல் பிறந்த அந்த நகலின் தயாரிப்பு 2005இல் நின்றது. பிற்பாடு ஐபேடில் மறுபிறவி எடுத்தது. 2017இல் ரோலண்ட் தன் அறிவுசார் சொத்துரிமையைக் காட்டி ஆட்சேபிக்க, அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அது நகலெடுத்த 808களும் 303களும், நாற்பது வயது கடந்தும், மேடைகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. நகல் செத்தது, அசல் பிழைத்தது. இதில் ஒலியின் தரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. சட்டமும் வியாபாரமும் போட்ட முடிவு அது.

வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் ஒரு நாள், இனி பிளக்-இன்களை விலைக்கு விற்பதில்லை, சந்தா மட்டுமே என்று அறிவித்தது. உலகெங்கும் ஒலிப்பொறியாளர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கி, விலைக்கும் தருவோம் என்றது. அந்தப் பின்வாங்கலை வெற்றியாகக் கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிந்தது வேறு: முப்பதாண்டு அனுபவமுள்ள ஒரு நிறுவனம், தன் கருவிகளை வாடகைக்கு மட்டும் விட முடியுமா என்று ஆழம் பார்த்திருக்கிறது. இன்னொரு முறை பார்க்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

விலைக்கு வாங்கினாலும் கைக்கு வருவது உரிமம்தான். அது எந்த இயங்குதளத்தில் எதுவரை ஓடும் என்பது இன்னொருவர் கையில். நம் ஊரில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் பெருகிக்கொண்டிருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீட்டு ஸ்டூடியோக்களில் உருவான தமிழ்ப் பாடல்களின் மூலக் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பல இடங்களில் 'பிளக்-இன் கிடைக்கவில்லை' என்று வெற்றுக் கட்டமே தெரியும். காந்த நாடாவில் இருந்த பாட்டைக்கூட ஒரு பழைய நாடா மெஷின் கிடைத்தால் மீட்டுவிடலாம். இதை மீட்க, செத்துப்போன நிரலும் அது ஓடிய கணினியும் அதன் உரிமச் சாவியும் ஒருசேர வேண்டும்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் தீர்ப்பு: பணத்தை முதலில் அறையின் ஒலி அமைப்புக்கும் நல்ல மைக்குக்கும் நம்பகமான ஸ்பீக்கருக்கும் போடுங்கள். மிச்சம் இருந்தால் ஒரு இரும்பு ப்ரீ-ஆம்ப் வாங்குங்கள். கம்ப்ரஸர், ஈக்வலைஸர், எதிரொலிக்கு பிளக்-இன்னே போதும். அதற்காகத் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் பிளக்-இன் விளைவோடு ஒரு முறை, விளைவில்லாமல் ஒரு முறை, சாதாரண வேவ் (.wav) கோப்பாக எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவையுங்கள். கணினி 'புதுப்பிக்கவா?' என்று கேட்கும்போது, இந்த வேலை முடிந்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.